பனி உருகிவிட்டது, துரு இருக்கிறது

கேள்வி:

நான் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா வேலைக்காக இங்கே வந்து லேக் மார்க்கெட் பக்கம் குடியேறினார். எனக்கு வயது 47, ஆடிட்டர். ஆறு வருடம் முன்பு மூன்று வங்காளி நண்பர்களோடு சேர்ந்து பழைய செஸ்னா 172 ஒன்றை வாங்கினேன். நான்கு பேருக்கும் சம பங்கு. லைக்கமிங் ஓ-320 எஞ்சின். கடைசி ஓவர்ஹால் முடிந்து 9 வருடம் ஆகிறது, ஓடியிருப்பது 610 மணி நேரம்.

ஜனவரியில் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு நானும் ஒரு நண்பரும் ஹூக்ளி மாவட்டத்துக்கு மேல் பறந்துகொண்டிருந்தோம். மூடுபனி விலகி வானம் தெளிந்திருந்தது. 3,000 அடியிலிருந்து இறங்குவதற்காக த்ராட்டிலைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆர்பிஎம் தானாகவே 1,900-க்கு வந்தது. கார்புரேட்டர் ஹீட்டை இழுத்தேன். எஞ்சின் இன்னும் மோசமாக இருமி உதறியது. பயந்துபோய் ஹீட்டைத் திரும்பத் தள்ளிவிட்டேன். ஒன்றிரண்டு நிமிடத்தில் சக்தி முழுவதும் போய்விட்டது. அறுவடை முடிந்த ஒரு வயலில் இறக்கினேன். கடைசியில் ஒரு வரப்பு குறுக்கே வந்தது. மூக்குச் சக்கரம் மடங்கி, புரொப்பல்லர் மண்ணில் குத்தியது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கிராமத்துக்காரர்கள் ஓடி வந்து, “தாதா, டீக் ஆசேன்?” (அண்ணா, நலமா?) என்று கேட்டு மண் குவளையில் டீ கொடுத்தார்கள். என் கை நடுக்கத்தில் பாதி டீ கீழே கொட்டியது.

சோதித்தவர்கள் டேங்கில் பெட்ரோல் இருந்தது, தண்ணீர் கலக்கவில்லை, மேக்னெட்டோ இரண்டும் சரி என்கிறார்கள். கோளாறு எதுவும் அகப்படவில்லை. ஆகஸ்டில் ஆயில் மாற்றியபோது ஃபில்டரில் கொஞ்சம் மினுமினுப்பு இருந்தது, கவனித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதைத் தவிர பழைய புகார் எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் நாங்கள் பறப்பதில்லை. போன மூன்று வருடத்தில் மொத்தமே 40 மணி நேரம்தான்.

இப்போது பங்காளிகளுக்குள் சண்டை. ஒருவர், “610 மணி எஞ்சின் இளசு, புரொப்பல்லரை மாற்றிவிட்டுப் பறப்போம்” என்கிறார். இன்னொருவர், “இருக்கிற நிலையில் விற்றுவிடுவோம்” என்கிறார். மூன்றாமவர் பேசுவதே இல்லை. என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “மறுபடியும் அதுல ஏறப் போறீங்களா?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— ஓர் ஆடிட்டர், லேக் கார்டன்ஸ், கொல்கத்தா

பதில்:

முதலில் நீங்கள் இருவரும் முழுசாக வீடு திரும்பியதற்குச் சந்தோஷம். எஞ்சின் நின்ற விமானத்தை வயலில் இறக்கி, கீறலில்லாமல் கதவைத் திறந்து வெளியே வந்த விமானி தன் வேலையைச் செய்துவிட்டார். மற்றதெல்லாம் உலோகமும் பணமும்தான். இதை முதலில் மனதில் வையுங்கள், ஏனென்றால் இதற்கு மேல் நான் சொல்லப்போவதில் கொஞ்சம் கசப்பு உண்டு.

காரணத்தை அதிகாரப்பூர்வமாகச் சொல்ல வேண்டியது விசாரணை செய்பவர்கள். என் கணிப்பு கார்புரேட்டர் பனி. தடயம் அகப்படாததே எனக்கு ஒரு தடயம். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் கிண்ணத்தில் மிஞ்சும், பிளக் கெட்டிருந்தால் கையில் எடுத்துப் பார்க்கலாம். பனிக்கட்டி மட்டும்தான் வேலையை முடித்துவிட்டு, ஆள் வந்து பார்ப்பதற்குள் உருகி ஓடிவிடும்.

“ஜனவரியானாலும் கொல்கத்தாவில் ஏது பனிக்கட்டி?” என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். கார்புரேட்டரின் குறுகலான தொண்டையில் காற்று விரையும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பம் 30 டிகிரிக்கு மேலேயே சரியக்கூடும். வெளியே 17 டிகிரி இருந்தாலும் உள்ளே உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது. வெப்பம் 21 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம் என்று பயிற்சிப் புத்தகங்கள் சொல்கின்றன. 38 டிகிரி வெயிலிலும் நடக்கலாம் என்றும் அதே புத்தகங்கள் எச்சரிக்கின்றன. மூடுபனி அப்போதுதான் விலகிய ஜனவரிக் காலை, கங்கைச் சமவெளி, பாதி மூடிய த்ராட்டில். பனி பிடிக்க இதைவிடத் தோதான நேரத்தை ஒருவர் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஹீட்டை இழுத்தபோது எஞ்சின் மோசமானது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியான அறிகுறி. உருகிய பனி தண்ணீராக எஞ்சினுக்குள் போகிறது, எஞ்சின் இருமுகிறது. அந்த இருமல் நிற்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஹீட்டை முழுவதும் இழுத்தபடியே வைத்திருக்க வேண்டும். அரை நிமிடமோ கொஞ்சம் கூடவோ ஆகலாம். நீங்கள் தள்ளிவிட்டீர்கள். எத்தனையோ விமானிகள் செய்த தவறு இது. மருந்து கசந்ததும் துப்பிவிடுகிற குழந்தை மாதிரி, கை தானாகத் தள்ளிவிடுகிறது. அடுத்த முறை த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே ஹீட்டை இழுத்துவிடுங்கள். இறங்கும்போது இதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இனி என்னைத் தூங்கவிடாத விஷயம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஃபில்டரில் மினுமினுப்பு. உங்கள் கடிதத்தில் மிகவும் பயங்கரமான வரி அதுதான். அதற்கு அடுத்த வரி, மூன்று வருடத்தில் 40 மணி நேரம். இரண்டையும் சேர்த்துப் படித்ததும் அந்த எஞ்சினுக்குள் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

லைக்கமிங் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது, கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே. எஞ்சின் ஓடும்போது தெறிக்கிற ஆயில்தான் அதற்கு உயவு. நிறுத்தியதும் ஆயில் மெல்ல வழிந்து கீழே போய்விடும். காண்டினென்டல் ஓ-200 போன்றவற்றில் கேம் கீழே இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. இரண்டு மூன்று வாரம் சும்மா நின்றால் உங்கள் கேமின் முகடுகள் அநேகமாக வெற்று இரும்பு. அதன் மேல் கொல்கத்தாவின் ஆஷாட, சிராவண மழைக்காலக் காற்று. ஈரப்பதம் மிகுந்த இடத்தில் புது எஞ்சினின் சிலிண்டர் சுவர்களில் இரண்டே நாளில் துரு பிடிக்கத் தொடங்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் ஜூனிலிருந்து அக்டோபர் வரை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், அதுவும் மூன்று மழைக்காலம்.

துரு முதலில் ஊசிமுனை அளவு குழியாக விழும். மறுபடி எஞ்சினை ஓட்டும்போது கேமோடு உரசும் டாப்பெட் அந்தக் குழியின் மேல் ஆயிரக்கணக்கான முறை தட்டும். குழியின் விளிம்பு பெயர்ந்து இரும்புத் துகளாக ஆயிலில் கலக்கும். நீங்கள் பார்த்த மினுமினுப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஃபில்டர் காகிதத்தை வெட்டி விரித்து, துகள்களை ஒரு வெள்ளைத் துணியில் தட்டி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பார்த்தார்களா? துகள் காந்தத்தோடு நகர்ந்தால் இரும்பு, நகராவிட்டால் பெரும்பாலும் அலுமினியமோ பேரிங்கின் உலோகமோ. ஐந்து நிமிட வேலை. யார் விட்டுவிட்டார்கள் என்று இப்போது சண்டை போட வேண்டாம். ஆனால் இனி ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஃபில்டரை உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். அந்த விமானம் உங்களுடையது.

விமான எஞ்சின் பணியில் இருந்த காலத்தில் நான் இப்படி ஒரு கேமைக் கையில் வாங்கினேன். பார்வைக்கு வழவழப்பாக, வெள்ளியாக மின்னியது. கட்டை விரல் நகத்தை முகட்டின் மேல் மெல்ல இழுத்தேன். நகம் மாட்டியது. வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. அந்த எஞ்சினின் மணிக்கணக்கு உங்களுடையதை விடக் குறைவு.

எனவே உங்கள் முதல் நண்பரிடம் சொல்லுங்கள்: மணிக்கணக்கு எஞ்சினின் வயதில் ஒரு பாதிதான். லைக்கமிங் ஓ-320 எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஓவர்ஹால் கெடு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. மணிக்கணக்கில் உங்களுடையது இளசுதான். வருடக்கணக்கில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. நின்ற நாட்கணக்கில் அது கிழம்.

அவருடைய யோசனையும் நடக்காது. புரொப்பல்லர் மண்ணில் குத்திய எஞ்சினைப் பிரித்துச் சோதிக்காமல் மறுபடி ஏற்றக் கூடாது. “சக்தி இல்லாமல் சுழன்றபோதுதானே பட்டது” என்பார். பட்டது பட்டதுதான். கிராங்க் ஷாஃப்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம், பின்பக்கப் பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். அந்த விரிசல் காந்தத் துகள் சோதனையில்தான் தெரியும். அந்தப் போல்ட் அறுந்தால் கேம், மேக்னெட்டோ இரண்டும் ஒரே நொடியில் நின்றுவிடும். அப்போது எந்தக் கைப்பிடியை இழுத்தும் பயனில்லை.

எப்படியும் எஞ்சின் பெட்டியைப் பிளக்கத்தான் போகிறீர்கள். பிளக்கும் செலவும் கூட்டும் செலவும் வந்தாயிற்று. அப்படியிருக்க, கேமையும் டாப்பெட்டையும் மட்டும் மாற்றிவிட்டு, அந்த இரும்புத் தூள் ஓடிய பேரிங்குகளையும் ஆயில் பம்பையும் அப்படியே விடுவது கஞ்சத்தனம். முழு ஓவர்ஹால் செய்யுங்கள். கார்புரேட்டரையும் ரப்பர் குழாய்களையும் சேர்த்துப் பாருங்கள். மேக்னெட்டோவுக்கு 500 மணி நேரச் சோதனை என்று ஒன்று உண்டு. 610 மணி ஓட்டத்தில் அது நடந்ததா என்று லாக் புக்கில் தேடுங்கள்.

ஆனால் எஞ்சினுக்கு ஒரு ரூபாய் எடுத்து வைப்பதற்கு முன் ஃபயர்வாலைப் பாருங்கள். எஞ்சினுக்கும் உங்கள் கால்களுக்கும் நடுவில் இருக்கும் தகடு அது. செஸ்னா 172-இன் மூக்குச் சக்கரம் வாங்கும் அடி நேராக அங்கேதான் போகும். மடங்கின தகடு அலை அலையாகத் தெரியும், ஆணி வரிசை கோணலாகும், தரையில் பெடல் பக்கம் சுருக்கம் விழுந்திருக்கும். ஒரு டார்ச்சோடு மல்லாந்து படுத்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஃபயர்வால் நேராக இருந்தால் இந்த விமானத்துக்குச் செலவு செய்யலாம். மோசமாக மடங்கியிருந்தால், எஞ்சின் மவுண்ட், தகடு வேலை எல்லாம் சேர்ந்து விமானத்தின் விலையையே எட்டிவிடலாம். இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்த்து எழுதும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவிடாதீர்கள். பாலிசியில் ஒப்புக்கொண்ட மதிப்பு என்ன, பழுதுச் செலவு அதில் எத்தனை சதவீதம் என்பதை வைத்து அவர்களே முழு நஷ்டம் என்று தீர்த்துவிடவும் கூடும். அப்படி நேர்ந்தால் பங்காளிச் சண்டையும் அதோடு தீர்ந்தது.

விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்ற நினைப்பும் யாருக்காவது இருக்கும். வரிக்கணக்கை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். உதிரிபாக இறக்குமதிக்கோ நிபந்தனைகளுக்கு உட்பட்டு 5 சதவீதம். நல்ல உடம்புள்ள பழைய விமானத்தைச் சீர்ப்படுத்தி வைத்துக்கொள்ள இந்த வித்தியாசமே போதுமான காரணம். விற்பதாக இருந்தால், புரொப்பல்லர் அடிபட்டதையும் ஃபில்டரில் துகள் கண்டதையும் லாக் புக்கில் எழுதிவிட்டு விற்க வேண்டும். மறைத்து விற்ற விமானத்தில் நாளைக்கு யாரோ ஒரு பெண்ணின் கணவர் ஏறுவார்.

கடினமான கேள்வி இது: நீங்கள் நால்வரும் இந்த விமானத்தை வைத்திருக்கலாமா?

வருடத்துக்கு நூறு மணி நேரமாவது, அதாவது தலைக்கு 25 மணி, பறக்க முடியாவிட்டால் வேண்டாம் என்பது என் முடிவு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நான் பார்த்த எஞ்சின்கள் சொன்னது. அதற்குக் குறைவாகப் பறப்பவர் பயிற்சிக் கழகத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது பணத்துக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. கழகத்து விமானம் தினமும் பறக்கிறது. அதன் கேம் காய்வதே இல்லை.

கொல்கத்தா வானில் சொந்த விமானம் வைத்துப் பறந்தவர்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது எமி ஜான்சனை. 1930 மே 5-ஆம் தேதி லண்டன் க்ராய்டனிலிருந்து தனியாகக் கிளம்பி, மே 12-இல் கொல்கத்தாவின் டம்டமில் இறங்கி, 24-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் போய்ச் சேர்ந்தவர். அவருடைய ஜிப்ஸி மாத் புது விமானம் கிடையாது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒற்றை எஞ்சின், 100 குதிரைத்திறன். அவரிடம் விமானி உரிமத்தோடு எஞ்சின் பராமரிக்கும் பொறியாளர் உரிமமும் இருந்தது. அந்த உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான். பகல் முழுக்கத் திறந்த காக்பிட்டில் வெயில் தின்றுவிட்டு, இறங்கியதும் எஞ்சினைத் திறந்து துடைத்துச் சரிபார்த்த பிறகுதான் படுக்கப் போனார். மாற்று புரொப்பல்லர் ஒன்றை விமானத்தின் உடம்போடு கட்டி எடுத்து வந்திருந்தார். ஜான்சியில் இறக்கை உடைந்தபோது உள்ளூர்த் தச்சர் செப்பனிட்டுக் கொடுத்தார். அந்த இருபது நாளில் எஞ்சின் நீண்ட நாள் சும்மா நிற்கவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது ஆபத்தான பயணம். எஞ்சினின் கண்ணோடு பார்த்தால், உங்கள் ஹேங்கரில் மாதக்கணக்கில் உறை போர்த்தி நிற்பதைவிட அது ஆரோக்கியமான வாழ்க்கை.

மழைக்காலத்தில் பறக்கவே முடியாது என்றால் எஞ்சினை முறையாக உறக்கத்தில் வையுங்கள். பழைய ஆயிலை வடித்துப் பாதுகாப்பு ஆயில் ஊற்றி, கடைசியாக ஒரு பறப்பில் நன்றாகச் சூடாக்க வேண்டும். மேல் வரிசைப் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சிலிகா ஜெல் அடைத்த, உள்ளே தெரியும் பிளக்குகளைத் திருக வேண்டும். புகைபோக்கியையும் எஞ்சினின் மூச்சுக்குழாயையும் அடைக்க வேண்டும். ஜெல் நீலமாக இருந்தால் நலம், இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை ஹேங்கருக்குப் போய் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு வர நால்வரில் ஒருவருக்கு நேரமிருக்காதா?

“வாரம் ஒருமுறை தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டுகிறோமே” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் ஒரு பங்கு பிஸ்டன் ஓரமாகக் கசிந்து ஆயிலில் சேரும். ஆயில் 75 டிகிரிக்கு மேல் ஏறிக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால்தான் அது வெளியேறும். தரை ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. நல்லது செய்வதாக நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்.

பண விஷயம் ஒன்று. மணிக்கு இவ்வளவு என்று எஞ்சின் நிதி சேர்ப்பதுதான் வழக்கம். உங்களுக்கு அது ஒத்துவராது. பறக்காத வருடத்தில் நிதி சேராது, துரு மட்டும் சேரும். ஓவர்ஹால் செலவை 144-ஆல் வகுத்து, பன்னிரண்டு வருடமும் மாதாமாதம் நால்வரும் பகிர்ந்து கட்டுங்கள், பறந்தாலும் பறக்காவிட்டாலும். பேசாத அந்த மூன்றாவது நண்பரை ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவருக்குப் பணக் கஷ்டமாக இருக்கலாம். பங்கிலிருந்து கௌரவமாக வெளியேற ஒரு வழியை ஒப்பந்தத்தில் எழுதி வையுங்கள்.

மறுபடி ஏறுவதாக இருந்தால், முதல் பத்து மணி ஒரு பயிற்றுநரோடு. 2,000 அடியில் எஞ்சினை ஐடிலுக்குக் கொண்டுவந்து 65 நாட் வேகத்தைப் பிடித்துச் சறுக்கிப் பழகுங்கள். ஆயிரம் அடிக்கு ஒன்றரைக் கடல் மைல். அப்படியானால் மூன்று மைல், மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் பெட்ரோல் வால்வு, மிக்ஸ்சர், ஹீட், மேக்னெட்டோ என்று கை ஒரு சுற்று வர வேண்டும், மேடே சொல்ல வேண்டும், கதவின் தாழ்ப்பாளை விடுவிக்க வேண்டும். வேகத்தை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இடம் பார்க்கும் கண்ணும் பழக வேண்டும். வங்காளத்தில் ஜனவரி வயல் மேலிருந்து மூன்று நிறம். வைக்கோல் பழுப்பு, ஆமன் நெல் அறுத்த தாள். கண்ணாடியாக மின்னினால் போரோ நெல் நடவுக்கு நீர் கட்டியது. சக்கரம் புதைந்து கவிழும். கரும்பச்சைக் கோடுகள் உருளைக்கிழங்குப் பாத்தி. பழுப்பே உத்தமம், நீங்கள் தேர்ந்தது சரி. பாத்தியில்தான் இறங்கியாக வேண்டுமென்றால் கோட்டோடு போக வேண்டும், குறுக்கே போகக் கூடாது. ஹூக்ளிக் கரைச் செங்கல் சூளைகளின் புகை காற்றின் திசையைச் சொல்லும், ஆனால் அந்தப் புகைபோக்கிகளை நெருங்காதீர்கள். நகரத்துக்கு உள்ளே இடம் இருப்பதாகக் கனவு வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் ரெட் ரோட்டிலிருந்தே போர் விமானங்கள் ஏறி இறங்கின. இன்று அங்கே எந்நேரமும் வண்டிகள்.

உங்கள் மனைவிக்கு என்ன சொல்வது? நான் சொல்லிக்கொடுக்கும் பதில் அவருக்குப் போதாது. எஞ்சினைப் பிரிக்கும் நாளில் அவரையும் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். கேமைத் துடைத்து அவர் கையில் கொடுத்து, நகத்தை முகட்டின் மேல் இழுக்கச் சொல்லுங்கள். மாட்டுகிறதா இல்லையா என்று அவரே பார்க்கட்டும். புதுக் கேம் வந்ததும் அதையும் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு கேளுங்கள், ஏறலாமா என்று. அவர் வேண்டாம் என்றால் நான் உங்கள் பக்கம் பேசமாட்டேன்.

தேதி குறித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முதல் நாள் சென்னையில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிடித்து ஷாலிமார் ஸ்டேஷனில் வந்து இறங்கிவிடுகிறேன். காந்தத்தை நான் கொண்டு வருகிறேன். அந்த ஆகஸ்ட் மாத ஃபில்டர் இன்னும் எங்காவது கிடக்கிறதா என்று தேடி வையுங்கள்.